ஆனைமலையில் ஆனை பார்ப்பது

கொங்கு நாட்டுப் பேச்சில் 'யானை' என்ற சொல்லை அதிகம் கேட்க முடியாது. இங்கே அது 'ஆனை'தான். ஆனைமலை, ஆனைகட்டி என்று ஊர்ப் பெயர்களிலும் அப்படித்தான் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, உத்தியோகத்துக்காகக் கோயமுத்தூர் வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு இந்தச் சொல் காதில் ஒட்டிக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று. 'பாகன்' என்ற தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் 'கோர்னாக்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பாடப் புத்தகத்தில் படித்தவன் நான். போர்த்துகீசியர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோய் ஐரோப்பாவுக்குக் கொடுத்த சொல் அது. ஆனையோடு சேர்ந்து அதை ஓட்டுகிறவனின் பெயரும் கடல் கடந்து போயிருக்கிறது.

பள்ளி விடுமுறை வந்தால் நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "பேரப் பிள்ளைங்க வர்றாங்க சார், டாப்ஸ்லிப் கூட்டிட்டுப் போலாங்களா? ஆனை காட்டுவாங்களா?" கேட்பது சின்னக் கேள்விதான். ஆனால் ஆனையை மனிதன் எதற்காகப் பார்த்தான், எப்படிப் பார்த்தான் என்பது இந்தப் பகுதியில் ஈராயிரம் வருடத்துக் கதை. அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நாம் பார்ப்பதும் வேறு மாதிரி இருக்கும் என்பதால் இந்தக் கட்டுரை.

உம்பற்காடு

சங்க காலத்தில் ஆனைமலைப் பக்கத்துக் காட்டுக்கு உம்பற்காடு என்று பெயர். உம்பல் என்றாலே ஆனைதான். பதிற்றுப்பத்தின் பதிகங்களில் இந்தக் காட்டின் பெயர் வருகிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடிய குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டில் 500 ஊர்கள் கிடைத்தன என்று பதிகம் சொல்கிறது. அவனுடைய தம்பிக்குப் பெயரே பல்யானைச் செல்கெழு குட்டுவன். அவன் உம்பற்காட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்ததைப் பெரிய சாதனையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

காட்டைப் பிடிப்பதில் என்ன சாதனை என்று இன்றைக்குத் தோன்றலாம். அன்றைக்குக் காடு என்றால் ஆனை. ஆனை என்றால் படை. குதிரை கப்பலில் வரவேண்டும். ஆனையோ பக்கத்து மலையிலேயே இருந்தது. ஆகவே ராஜாவின் கண்ணுக்கு ஆனை ஒரு படைக்கலம். தந்தமும் அப்படித்தான். மேற்குக் கரைத் துறைமுகங்கள் வழியாக அது ரோமாபுரி வரை போயிற்று. கோயில் வாசலில் நின்று ஆசீர்வாதம் செய்வதும், குழந்தைகளை முதுகில் ஏற்றிக்கொள்வதும் வெகு பின்னால் வந்த வேலைகள்.

தேக்கும் ஆனையும்

வெள்ளைக்காரர்களுக்கு ஆனைமலையில் முதலில் கண்ணில் பட்டது தேக்கு மரம். பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு வேண்டியிருந்தது. 1848 முதல் லெப்டினன்ட் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியின் பொறுப்பில் இங்கே முறையாக மரம் வெட்டத் தொடங்கினார்கள். வெட்டிய மரத்தை மலை உச்சியிலிருந்து சரிவில் நழுவவிட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். அப்படி நழுவவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மேலே ஏறுகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரின் பொருளை யோசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

காட்டுக்குள் விழுந்த மரத்தைச் சரிவு வரைக்கும் இழுத்து வர ஆனை வேண்டும். பாதை இல்லாத இடத்தில், பாறைக்கும் ஓடைக்கும் நடுவே, சங்கிலியில் கட்டிய மரத்தை இழுத்து வர வேறு எதனாலும் முடியாது. அந்தப் பக்கம் பரம்பிக்குளத்தில் கொச்சி சமஸ்தானம் 1907-இல் டிராம் பாதையே போட்டது. அங்கேயும் மரத்தைத் தண்டவாளம் வரை கொண்டுவந்து சேர்த்தது ஆனைதான். மாட்டுக்கு வண்டி மாதிரி ஆனைக்கு மரம். ராஜாவின் படைக்கலம் வனத்துறையின் கூலியாள் ஆயிற்று.

கண்மூடித்தனமாக வெட்டியதில் காடு மொட்டையாகிவிட்டது. அதன் பிறகு வந்த ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி, மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டி மறுபடி துளிர்க்கவிடும் முறையைக் கொண்டுவந்தார். கைத்தடியால் மண்ணில் குழி போட்டுத் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். 1933-இல் இறந்த அவருடைய கல்லறை, அவர் வளர்த்த தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே டாப்ஸ்லிப் பக்கத்தில் மவுண்ட் ஸ்டூவர்ட்டில் இருக்கிறது. ஆனை பார்க்கப் போகிறவர்கள் அந்த இடத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

குழியும் கராலும்

வேலைக்கு ஆனை வேண்டுமென்றால் பிடித்தாக வேண்டும். ஆனைமலையிலும் நீலகிரி அடிவாரத்திலும் நடந்தது குழி முறை. ஆனைகள் வழக்கமாகப் போகும் தடத்தில் ஆழமான குழி வெட்டி, மேலே மூங்கிலைப் பரப்பித் தழையும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். விழும்போது கால் உடையாமல் இருக்கக் குழிக்குள் தழையைக் குவித்து மெத்தை மாதிரி செய்வார்கள். அப்படிச் செய்தும் அடிபட்டுச் செத்தவை நிறைய. தாய் விழுந்தால் குட்டி மேலே நின்று கத்தும். குட்டி விழுந்தால் கூட்டமே குழியைச் சுற்றி நிற்கும். பறை அடித்து, தீப்பந்தம் காட்டிக் கூட்டத்தை விரட்டிய பிறகுதான் கும்கி ஆனைகளை வைத்து விழுந்ததை மேலே ஏற்றுவார்கள்.

அடுத்தது கரால். பெரிய மரங்களை நட்டு, குறுக்கு மரம் போட்டுச் செய்த கூண்டு. திரும்பக்கூட இடம் இருக்காது. அதற்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். பாகனும் அவனுடைய உதவியாளான காவடியும் இரவு பகலாகப் பக்கத்திலேயே இருந்து, பசியையும் கரும்பையும் அடியையும் அன்பையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்குவார்கள். அன்பு என்று நான் எழுதுவது சும்மா அல்ல. மலசர் பாகர்கள் தங்கள் ஆனையைத் தூங்க வைக்கப் பாடுவதையும், அது சாப்பிடாமல் நின்றால் தாங்களும் சாப்பிடாமல் இருப்பதையும் வனத்துறையில் இருந்த நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த அன்பு தொடங்கும் இடம் கரால் என்பதையும் மறக்கக் கூடாது.

1873-இல் சென்னை மாகாணத்தில் காட்டு ஆனைகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. இந்தியா முழுவதற்குமான சட்டம் 1879-இல் வந்தது. கோப்புகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவன் என்பதால் பழைய சட்டங்களைப் படிப்பதில் எனக்கு ஒரு ருசி. இந்தச் சட்டங்களின் நோக்கம் இரக்கம் மட்டும் அல்ல. ஆனையைச் சுட்டுத் தள்ளிவிட்டால் மரம் இழுக்கவும் பீரங்கி இழுக்கவும் எதை வைத்து? சர்க்கார் சொத்து வீணாகக் கூடாது என்பதுதான் அடிப்படை. அப்படியும் அந்தச் சட்டம் பல ஆனைகளைக் காப்பாற்றியது. நல்லது எப்போதும் நல்ல காரணத்துக்காகவே நடக்க வேண்டும் என்று இல்லையே.

வேடிக்கை தொடங்கியது

மைசூர் சமஸ்தானத்தில் காகனகோட்டையில் நடந்த கெட்டா வேறு மாதிரி. கூட்டத்தையே வளைத்து விரட்டி, ஆற்றைக் கடக்க வைத்து அடைப்புக்குள் தள்ளுவது. வெளிநாட்டு இளவரசர்களும் வைசிராய்களும் வந்தால் அவர்களுக்கு விருந்தாக அது நடந்தது. உட்கார்ந்து பார்க்க மேடை போடுவார்கள். நம் பக்கத்தில் ஆனை பார்க்கும் சுற்றுலாவின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். கடைசிக் கெட்டா 1971-இல் நடந்தது. அதற்குப் பிறகு 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-இல் ஆனை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயிற்று. ஆனையைப் பிடித்து வேலைக்கு விடும் காலம் அத்தோடு முடிந்தது.

ஐரோப்பாவிலோ வேடிக்கை இன்னும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் காஸ்தோர், பொல்லுக்ஸ் என்று இரண்டு ஆனைகள் இருந்தன. குழந்தைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பூங்காவைச் சுற்றி வரும். ஊருக்கே செல்லம். 1870-இல் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டது. சாப்பாட்டுக்குப் பஞ்சம் வந்தது. அந்த வருடக் கடைசியில் இரண்டையும் சுட்டுக் கொன்று இறைச்சிக் கடையில் விற்றார்கள். பணக்காரர்கள்தான் வாங்கிச் சாப்பிட்டார்கள். பிரெஞ்சு சரித்திர வகுப்பில் முற்றுகையைப் பற்றி விரிவாகப் படித்த எனக்கு இந்தச் செய்தி வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. செல்லம் என்பது ஒரு பாதுகாப்பு அல்ல என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கோயமுத்தூரில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வ.உ.சி. மைதானத்துச் சர்க்கஸ் நினைவிருக்கும். ஸ்டூல் மேல் நாலு காலையும் சேர்த்து நிற்கும் ஆனை, கிரிக்கெட் ஆடும் ஆனை, சிவலிங்கத்துக்கு அபிஷேகம் செய்யும் ஆனை. நாம் எல்லோரும் கைதட்டியவர்கள்தான். டாப்ஸ்லிப்பிலும் தெப்பக்காட்டிலும் ஆனைச் சவாரி இருந்த காலமும் உண்டு. முதுகில் மெத்தை போட்டு நாலு பேரை ஏற்றிக் காட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். சவாரியில் மானும் காட்டெருமையும் பார்த்த கதையை நம் தலைமுறையில் பலரும் சொல்வார்கள்.

டன் கணக்கில் மரம் இழுத்த மிருகத்துக்கு நாலு பேர் பாரமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சவாரியின் விலையை முதுகுப் பாரத்தில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது. எந்த ஆனையும் தானாக மனிதனை முதுகில் ஏற்றிக்கொள்ளாது. அதற்கு முன்னால் ஒரு கரால் இருந்தாக வேண்டும், அல்லது குட்டியிலிருந்தே ஒரு சங்கிலி இருந்தாக வேண்டும். நாம் கொடுக்கும் கட்டணம் கால் மணி நேரச் சவாரிக்கு மட்டும் அல்ல, அந்தப் பழக்கலுக்கும் சேர்த்துத்தான்.

கோயில் வாசலில்

கோயில் ஆனையைப் பற்றி எழுதினால் சிலருக்கு மனவருத்தம் வரலாம். ஆனால் விட்டுவிட்டுப் போக முடியாது. எங்கள் புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமியைத் தெரியாதவர்கள் கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள்கூட வரிசையில் நின்று தலையில் தும்பிக்கையை வைக்கச் சொல்வார்கள். 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போது நடு வீதியில் சரிந்து விழுந்து இறந்தது. ஊரே அழுதது. அதற்கு வயது முப்பதை ஒட்டித்தான். ஆனை அறுபது வருடம்கூட வாழும். தார்ச் சாலையில் நடை, கல் தரையில் நிற்பது, துணை இல்லாத வாழ்க்கை, பக்தர்கள் ஊட்டும் வாழைப்பழமும் சோறும் வெல்லமும். அன்போடு கொடுத்ததுதான். ஆனால் காட்டில் ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் புல்லும் மரப்பட்டையும் மூங்கிலும் தின்று, மைல் கணக்கில் நடக்கிற உடம்பு அது.

இந்தக் குறை அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்தது. 2003-இல் முதலமைச்சர் ஜெயலலிதா கோயில் ஆனைகளுக்கான நலவாழ்வு முகாமை முதுமலைத் தெப்பக்காட்டில் தொடங்கினார். நடுவில் சில வருடம் நின்று மறுபடி தொடங்கி, 2012 முதல் மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் நடந்தது. 48 நாள். தமிழ்நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் லாரியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். நடைப்பயிற்சி, ஆற்றுக் குளியல், பசுந்தீவனம், மருத்துவர் கவனிப்பு. வருடம் முழுக்கத் தனியாக நின்ற ஆனைகள் அங்கே ஒன்றையொன்று தும்பிக்கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. மேட்டுப்பாளையம் போனவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார்கள். முகாமைச் சுற்றிச் சூரிய மின்வேலியும் காவற்கோபுரங்களும் இருக்கும். காட்டு ஆனைகள் இறங்கும் பாதைக்குப் பக்கத்திலேயே அந்த இடம். உள்ளே நிற்கும் ஆனையும் வெளியே நிற்கும் ஆனையும் ஒரே சாதி. நடுவில் ஒரு கம்பி.

2021 பிப்ரவரியில் அதே முகாமில் ஒரு கோயில் ஆனையை மரத்தில் கட்டிவைத்துப் பாகனும் உதவியாளும் அடிக்கும் காணொளி வெளியே வந்தது. அந்த ஆனை வலியில் பிளிறிய சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இருவர் மீதும் நடவடிக்கை எடுத்தார்கள். எல்லாப் பாகர்களும் அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. குறைந்த சம்பளத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, வருடக்கணக்காக ஒரு மிருகத்தின் காலடியில் வாழ்கிறவர்கள் அவர்கள். பாகனை ஆனை கொன்றது என்ற செய்தியும் நமக்குப் புதிது இல்லை. ஆனையைக் கட்டிப் போட்டால் அதைக் கட்டுப்படுத்த ஒரு மனிதனையும் அதன் பக்கத்திலேயே கட்டிப் போட்டாக வேண்டியிருக்கிறது.

ஆனை டாக்டர்

இந்தச் சரித்திரத்தில் மரியாதையோடு சொல்ல வேண்டிய பெயர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. எல்லோருக்கும் 'டாக்டர் கே'. டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் வனத்துறைக் கால்நடை மருத்துவராக இருந்தவர். 2002-இல் மறைந்தார். காட்டில் செத்துக் கிடக்கும் ஆனைகளையும் அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதிவைக்க வேண்டும் என்று நின்றவர். அழுகிய உடம்புக்குள் கையை விட்டு அவர் எடுத்த குறிப்புகளால்தான் எத்தனை ஆனைகள் துப்பாக்கிக் குண்டால் செத்தன என்பது வெளியே தெரிந்தது. ஜெயமோகன் எழுதிய 'யானை டாக்டர்' என்ற கதை 2011-இல் வந்தபோது அவர் பெயர் தமிழ்நாடு முழுவதும் போயிற்று. படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

காட்டுக்கு உல்லாசமாக வருகிறவர்கள் குடித்துவிட்டு உடைத்துப் போடும் பாட்டில் ஆனைக்கு எமன் என்பதை நம்மில் பலர் அந்தக் கதையின் மூலம்தான் தெரிந்துகொண்டோம். ஆனையின் பாதம் கல் மாதிரி தெரியும். உண்மையில் அது தடித்த மெத்தை. அத்தனை எடையும் அதன் மேல் இறங்கும்போது ஒரு கண்ணாடித் துண்டு உள்ளே ஏறிவிடும். பிறகு ஒவ்வோர் அடிக்கும் இன்னும் உள்ளே போகும். சீழ் பிடிக்கும், நடக்க முடியாது. நடக்க முடியாத ஆனை தின்ன முடியாது. கரும்பு தின்ற ஆனையைச் சுட்டவன் மீது வழக்கு உண்டு. பாட்டில் போட்டவன் யார் என்று யாருக்கும் தெரியாது.

மகாராஜும் சின்னத்தம்பியும்

நாம் ஆனையைப் பார்க்க மலைக்குப் போகிறோம். ஆனை நம்மைப் பார்க்க ஊருக்கு வந்தால் என்ன நடக்கிறது? மதுக்கரைப் பக்கம் வந்துகொண்டிருந்த ஆண் ஆனைக்கு ஜனங்கள் மகாராஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2016 ஜூனில் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்து டாப்ஸ்லிப் பக்கம் வரகளியாறு கராலில் அடைத்தார்கள். சில நாளுக்குள்ளேயே அந்தக் கூண்டுக்குள் அது இறந்தது.

அடுத்தது சின்னத்தம்பி. தடாகம் பள்ளத்தாக்கில் சுற்றிக்கொண்டிருந்த ஆனை. 2019 ஜனவரி 25 அன்று பிடித்து ஆனைமலைக் காட்டில் விட்டார்கள். ஒரு வாரத்துக்குள் மலையை விட்டு இறங்கி, ஊர் ஊராக நடந்து, மடத்துக்குளம் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் அமராவதி சர்க்கரை ஆலை இருக்கும் இடத்துக்கு வந்து கரும்புக் காட்டில் தங்கிவிட்டது. பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். குழந்தை குட்டிகளோடு வந்தார்கள். கடைகூடப் போட்டார்கள். யாரையும் அது ஒன்றும் செய்யவில்லை. அதை மறுபடி காட்டில் விட வேண்டும், கும்கியாக்கக் கூடாது என்று ஒரு பக்கம் போராட்டம். எங்கள் கரும்புக்கும் வாழைக்கும் யார் பதில் சொல்வது என்று இன்னொரு பக்கம் விவசாயிகள். இரண்டும் நியாயம்தான். பிப்ரவரி 15 அன்று கலீம் என்ற கும்கியை வைத்து மறுபடி பிடித்தார்கள். கராலில் பழகிய சின்னத்தம்பி இப்போது தானே ஒரு கும்கி. தன் சாதியைக் காட்டுக்குள் விரட்டும் வேலை.

சின்னத்தம்பி பிறந்து வளர்ந்த தடாகம் பள்ளத்தாக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே செங்கல் சூளைகள் நூற்றுக்கு மேல். ஆனை நடந்த தடத்தையெல்லாம் செம்மண்ணுக்காகத் தோண்டி அறுபது எழுபது அடிப் பள்ளங்களாக்கிவிட்டார்கள். நீதிமன்றம் வரை போன பிறகு 2021-இல் சூளைகளுக்குச் சீல் வைத்தார்கள். கோயமுத்தூரில் அந்தச் செங்கல் இல்லாத வீடு அபூர்வம். இதை எழுதும் என் வீட்டுச் சுவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கலீமைப் பற்றி ஒரு வார்த்தை. சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகப் பிடிபட்டு, 99 நடவடிக்கைகளில் வேலை செய்து, 2023 மார்ச்சில் 60 வயதில் கோழிகமுத்தி முகாமில் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றது. எங்கள் காலத்து அரசு ஊழியர்களுக்கு 58. கலீமுக்கு எங்களைவிட இரண்டு வருடம் கூடுதல் சர்வீஸ். ஓய்வுக்குப் பிறகும் முகாமிலேயே ராகிக் களியும் கொள்ளும் கிடைக்கும். அதற்கு மறுப்பு இல்லை. ஆனால் நாங்கள் வேலைக்கு மனுப் போட்டுச் சேர்ந்தவர்கள்; கலீம் மனுப் போடவில்லை.

சுற்றுலாவின் இரண்டு முகங்கள்

நீலகிரியில் சீகூர்ப் பகுதி ஆனைகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வரும் வழி. காட்டை ஒட்டி அறை வேண்டும், ஜன்னலைத் திறந்தால் ஆனை தெரிய வேண்டும் என்று வருகிறவர்களுக்காக அங்கே விடுதிகள் முளைத்தன. ஆனை வழித்தடம் என்று அரசு 2010-இல் அறிவித்தது. வழக்கு நடந்து, 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. மூன்று மாதம் ஆவதற்குள், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த ஆனை மீது எரியும் டயர்த் துண்டை வீசினார்கள். காதில் தீப்பற்றிப் பிளிறிக்கொண்டு ஓடிய அந்த ஆனையை டாக்டர்களிடம் கொண்டு போகும் வழியில் உயிர் போயிற்று. ஆனையைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டிப் பணம் வாங்கும் இடத்தில், ஆனை நிஜமாகவே வந்தபோது நடந்தது இது.

இன்னொரு பக்கமும் உண்டு. தாயை இழந்த ரகு, அம்மு என்ற இரண்டு குட்டிகளைத் தெப்பக்காட்டில் வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றி ஊட்டியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது வாங்கியது. அதன் பிறகு தெப்பக்காட்டில் கூட்டம் தாங்கவில்லை. பிரதமரும் வந்தார், குடியரசுத் தலைவரும் வந்தார். அந்தப் புகழால் பாகர்களுக்கும் காவடிகளுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசும், வீடு கட்டப் பணமும் அரசு அறிவித்தது. நூறு வருடமாக யாரும் திரும்பிப் பார்க்காத ஜனங்கள் அவர்கள். வேடிக்கை பார்ப்பதால் நன்மையே கிடையாது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

அப்படியென்றால் போகலாமா, வேண்டாமா?

போகலாம். முகாமில் இருக்கும் ஆனைகளைத் திரும்பக் காட்டில் விட்டால் அவற்றுக்குப் பிழைக்கத் தெரியாது, ஊருக்குள்தான் வரும். அவற்றைச் சாகும் வரை வைத்துக் காப்பாற்ற வேண்டியது நம் கடமை. அதற்குப் பணமும் வேண்டும், ஜனங்களின் அக்கறையும் வேண்டும். கோழிகமுத்திக்கு வனத்துறை வண்டியில் கூட்டிப்போகிறார்கள். களி உருண்டையை உப்பும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, ஒவ்வோர் ஆனைக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் பாகர் வாயில் வைப்பதைத் தள்ளி நின்று பார்க்கலாம். எந்த ஆனை என்ன சாப்பிட வேண்டும் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். மலசர் பாகர்களிடம் மரியாதையாகக் கேட்டால் ஒவ்வொன்றின் கதையையும் சொல்வார்கள்.

வேண்டாதவை சில உண்டு. நாங்களே ஊட்டுகிறோம், தும்பிக்கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்க வேண்டாம். ரகசியமாக ராத்திரியில் ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டு ஆனை காட்டுகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். விளக்கடித்து, ஹார்ன் அடித்து விரட்டினால், அந்த ஆனையின் கோபம் மறுநாள் அதிகாலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் யாரோ ஒருவர் மேல் இறங்கும். பணம் கட்டியது ஒருவர், உயிரைக் கொடுப்பது இன்னொருவர்.

சாலையோரத்தில் எதையும் வீச வேண்டாம். சத்தியமங்கலம் மலைப்பாதையில் ஆசனூரைத் தாண்டிக் காராப்பள்ளம் சோதனைச்சாவடியில் கரும்பு லாரிக்காக ஆனைகள் குட்டியோடு காத்து நிற்பதைக் கைப்பேசியில் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். லாரியிலிருந்து கரும்பைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு வந்த பழக்கம் அது. தாய் சாலையில் நின்று வாங்கித் தின்பதைப் பார்த்து வளரும் குட்டிக்குக் காட்டில் எங்கே எந்தப் புல் இருக்கும் என்று யார் சொல்லிக்கொடுப்பது? பண்ணாரி–திம்பம் சாலையில் 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. வியாபாரிகளுக்குச் சிரமம்தான். ஆனாலும் ராத்திரியிலாவது அந்தப் பாதை அவற்றுக்குக் கிடைக்கிறது.

2023 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 2,961 காட்டு ஆனைகள் இருப்பதாக அரசு சொன்னது. நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு முகூர்த்தத்துக்கு வருகிற கூட்டம் அவ்வளவுதான். உம்பற்காட்டில் தொடங்கிய கதையில் மிச்சம் அது.

டாப்ஸ்லிப் போகிறவர்கள் முந்தின நாளே அனுமதியும் அறையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் களி கொடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்வது நல்லது. தண்ணீர் எஃகுப் பாட்டிலில் இருக்கட்டும். பொள்ளாச்சியில் வாழைப்பழம் வாங்கினால் சேத்துமடைக்கு முன்னாலேயே பிள்ளைகளைச் சாப்பிட்டு முடித்துவிடச் சொல்லுங்கள். தோலையும் சுருட்டிப் பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.